எட்டரை மணி மழை

மழையில் நனைகிறவர்கள் இருக்கிறார்கள். மழைக்கு ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மழை வந்ததும் மாடிக்கு ஓடிப் பாதி காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களெல்லாம் சாதாரண ஜனங்கள், இவர்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. நான் சொல்ல வந்தது நாலாவது ரகம். மழையை அளக்கிறவர்.

அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியாது என்று தலையாட்டாதீர்கள். உங்கள் தெருவிலும் ஒருத்தர் இருக்கிறார். நல்ல மழை பெய்து ஓய்ந்த காலையில், தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி நீங்கள் பால் வாங்கப் போகும்போது, வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மரியாதைக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்வீர்கள்: "என்ன சார், ராத்திரி சரியான மழை!" அவ்வளவுதான், மாட்டிக்கொண்டீர்கள்.

"சரியானன்னா?"

"சரியான மழைதான் சார். கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சே."

"எத்தனை மில்லி?"

உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். பரீட்சைக்கு வெறும் கையோடு வந்த பிள்ளையை வாத்தியார் பார்க்கிற பார்வை. பிறகு குரலைத் தாழ்த்தி, குடும்ப ரகசியத்தைச் சொல்வதுபோல் சொல்வார்: "முப்பத்தேழு புள்ளி நாலு." சொல்லிவிட்டுக் காத்திருப்பார். நீங்கள் "அப்பாடி!" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போன வருஷம் இதே தேதியில் எவ்வளவு, அதற்கு முந்தின வருஷம் எவ்வளவு என்று ஆரம்பித்துவிடுவார். கடையில் பால் தீர்ந்துவிடும். ஆகவே சொல்லிவிடுங்கள். "அப்பாடி!"

வெயிலும் அப்படித்தான். உங்களுக்கும் எனக்கும் வியர்த்தால் வெக்கை, நடுங்கினால் குளிர். இந்த ரகத்துக்கு உடம்பு சொல்வதெல்லாம் சாட்சியமே இல்லை. சுவரில் தொங்குகிற தெர்மாமீட்டர் சொன்னால்தான் ஆச்சு. இதை நான் எங்கேயோ கேட்டு எழுதவில்லை. இந்த ரகத்தில் முதல் தரமான ஆளுக்கு என் சொந்த அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். என் மச்சான். பம்பு கம்பெனி குடோனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயர் மில்லிமீட்டர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கு அதில் சந்தோஷம்தான்.

ஒரு மத்தியானம் அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அக்கா அடுப்படியிலிருந்து கத்தினாள்:

"அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. வேகுது!"

மச்சான் எழுந்து போய் ஜன்னலோரத் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டுதான். இதெல்லாம் வெக்கையில சேராது."

"அப்ப என் முதுகுல ஓடுறது என்னவாம்?"

"அது ஈரப்பதம்."

அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். மச்சான் ஃபேனைத் திருப்பினார். ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டேதான் திருப்பினார்.

இதுகூடப் பரவாயில்லை. குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை, வெறும் பனியனோடு கேட்டுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார் மனிதர். பாட்டு வேறு. அரை மணி நேரம் கழித்துத் தற்செயலாகத் தெர்மாமீட்டரைப் பார்த்தார். பதிமூன்று புள்ளி ஆறு. உடனே பல் கிடுகிடுவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஸ்வெட்டர் எங்கே, குல்லா எங்கே என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டினார். பார்க்காமல் இருந்திருந்தால் பாட்டோடு முடிந்திருக்கும்.

இந்த ரகம் மழை வரும் வராது என்றும் சொல்லும். அதில் ஒருநாளும் தோற்காது. "மழை வரும்னீங்களே, வரலையே?" என்று கேட்டுப் பாருங்கள். "வந்துச்சே. இங்க வரலை." முடிந்தது. என்ன செய்வீர்கள்? எங்கே வந்தது என்று கேட்டால் வரைபடத்தை எடுத்துவிடுவார். போனில் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ புண் மாதிரி ஒரு படம் நகர்ந்துகொண்டிருக்கும். "இது நம்ம பக்கம் வர வேண்டியது. கடைசி நிமிஷத்துல திரும்பிடுச்சு," என்பார். வரன் தட்டிப்போன வீட்டுக்காரர் குரலில்.

என் மச்சானுடைய மொட்டை மாடிக்கு ஒருநாள் உங்களைக் கூட்டிப்போக வேண்டும். நட்டநடுவில் மழைமானி. அது ஒன்றும் பிரமாதமில்லை: மேலே ஒரு புனல், உள்ளே கோடு போட்ட கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றி ஒரு தகரக் கூடு. அதைச் சுற்றிப் பத்தடிக்கு வெள்ளை வட்டம். அந்த வட்டத்தைப் போட்டுக்கொடுத்தவன் நான்தான், நான் பெயிண்டர். வட்டத்துக்குள் உயரமான எதுவும் நிற்கக் கூடாது. நின்றால் மழை அதன் மேல் விழுமாம், மானிக்குள் விழாதாம். இதற்காக அக்காவின் துணிக்கொடி மாடி மூலைக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு மரத்தில் இந்தப் பக்கம் நீண்ட கிளை போய்விட்டது. பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தையும் போய்விட்டது. மாடிக்கு யார் வந்தாலும் முதல் வார்த்தை இதுதான்: "வட்டத்துக்கு வெளியே."

தினமும் காலை எட்டரைக்கு அளப்பார். எட்டு இருபத்தொன்பதுக்கும் இல்லை, எட்டு முப்பத்தொன்றுக்கும் இல்லை. எட்டரைக்குள் விழுந்தால் நேற்றுக் கணக்கு, எட்டரை தாண்டினால் இன்றைய கணக்கு. கல்யாணமானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி, எட்டரைக்கு மாடி. பிறகு நோட்டில் எழுதுவார். நோட்டில் கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. ஒருமுறை அக்கா ஈரப் போர்வையை உதறியதில் மூன்று சொட்டு புனலில் விழுந்துவிட்டதாம். வேறொருவனாக இருந்தால் துடைத்துவிட்டுப் போவான். மச்சான் எழுதியிருந்ததை நானே பார்த்தேன்: ‘குறிப்பு: 0.1 மி.மீ. பதிவானது மழை அல்ல, போர்வை. மொத்தத்தில் சேர்க்கப்படவில்லை.’

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இவர் கிறுக்கர்தான், ஆனால் பொய்யர் இல்லை.

எழுதி முடித்ததும் வாட்ஸப் குழுவில் போடுவார். நானூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தக் குழுவில். நானூற்றுப் பன்னிரண்டு! நாட்டில் வேலை வெட்டி இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று சர்க்கார் தனியாக எண்ணவே வேண்டாம். அதில் மச்சானுக்கு ஒரு போட்டிக்காரர் உண்டு, மூன்றாவது தெரு மருந்துக்கடைக்காரர். அவரிடம் தானே அளந்து தானே செய்தி அனுப்பும் மிஷின். மச்சான் அதை மதிப்பதில்லை. "மழை பெய்யுறப்போ அந்தாளு தூங்குறான்யா," என்பார். மருந்துக்கடைக்காரருக்குப் போன மாதமே பருவ மொத்தம் ஆயிரம் மில்லி தாண்டிவிட்டது. கேக் வெட்டிப் படம் போட்டார். கேக்கில் கிரீமால் மேகம்.

மச்சான் பதினோரு வருஷமாக அளக்கிறார். ஒரு வருஷம்கூட ஆயிரத்தைத் தொட்டதில்லை. ஒருமுறை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று வரை வந்து நின்றுவிட்டது. அந்த வருஷம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். இந்தப் பருவத்தில், முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போது, அவர் கணக்கு 998.6. வேண்டியது ஒன்று புள்ளி நாலு. நாலு பேர் ஒரே நேரத்தில் தும்மினால் கிடைத்துவிடும். வானம் தும்மவில்லை.

இங்கேதான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பிக்கிறது.

அதே தெருவில், மச்சான் வீட்டிலிருந்து நாலு கட்டடம் தள்ளி, ஒரு பல் டாக்டரம்மா புதுசாக ஆஸ்பத்திரி திறக்கிறார். இரண்டு மாடி. முன்சுவர் முழுக்க இளநீலம், என் வேலை. பருவம் முடிகிற நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை திறப்பு. எனக்கு முன்னால் ஒரு ஆள் அந்தச் சுவரை அடித்துக்கொடுத்து, நாலே மாதத்தில் அது சுண்ணாம்புப் பொடியாக உதிர்ந்திருக்கிறது. வேலை கொடுத்த அன்றே டாக்டரம்மா சொல்லிவிட்டார்:

"போன ஆளு பெயிண்ட்ல பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திட்டான் பெயிண்டர். மழையில போச்சுன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அது யார் கையிலயும் இல்லை. தண்ணி ஊத்தி ஏமாத்தினா மட்டும் மறுபடி இந்தப் படியே ஏற விட மாட்டேன். இந்தத் தெருவிலயும் யார்கிட்ட வேணா சொல்லுவேன்."

முப்பது வருஷமாக பிரஷ் பிடிக்கிற கை இது. "நீங்க பாருங்கம்மா," என்றேன்.

முதல் கோட்டு பெயிண்ட் அடித்து முடிந்தது. இரண்டாம் கோட்டுக்குத் தயாரானபோது மச்சான் போன் செய்தார். "மாப்ளே, நாளைக்கு ஆரம்பிக்காதீங்க. நிச்சயம் மழை." நிறுத்தினேன். மழை இல்லை. மறுநாள் போன்: "இன்னைக்குத் தவறாது." நிறுத்தினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இப்படியே ஒன்பது நாள். மனிதர் மழை வரும் என்று சொல்லவில்லை ஐயா, மழை வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்று புள்ளி நாலுக்காக. அது எனக்கு ஒன்பதாம் நாள்தான் மண்டையில் ஏறியது. அதற்குள் டாக்டரம்மா இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

பத்தாம் நாள், பருவத்தின் கடைசி நாள். எட்டரையோடு கணக்கு மூடப்படுகிறது. அன்றைக்கு அதிகாலையிலும் போன் வந்தது. நான் எடுக்கவில்லை. வெளிச்சம் வந்ததும் நானும் என் கூட்டாளியும் சாரத்தில் ஏறிவிட்டோம். ஏழே முக்காலுக்கெல்லாம் முன்சுவர் இரண்டாம் கோட்டு முடிந்து, குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட மாதிரி நின்றது. கூட்டாளி கீழே இறங்கி நின்று பார்த்து, "அண்ணே, கண்ணு படப்போகுது," என்றான்.

சாரத்திலிருந்து மச்சான் வீட்டு மாடி நன்றாகத் தெரியும். ஆறு மணியிலிருந்தே அவர் அங்கேதான் நின்றார். கையில் இரண்டு பேர் ஒண்டக்கூடிய பெரிய கறுப்புக் குடை. அவருக்குச் சளி பிடித்திருந்தது. குடை இல்லாமல் மாடிக்குப் போனால் சோறு கிடையாது என்பது அக்காவின் உத்தரவு.

"மாப்ளே! மேற்கால பாருங்க!" என்று அங்கிருந்தே கத்தினார்.

"உங்க மேற்கைத்தான் பத்து நாளா பாக்குறேன் மச்சான்!" என்று நானும் கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்த்திருக்க வேண்டும்.

எட்டு மணி ஆறு நிமிஷம். என் கழுத்தில் ஒரு சொட்டு. கூட்டாளி மேலிருந்து எதையோ தெளிக்கிறான் என்று நினைத்தேன். அவன் கீழே நிற்கிறான். அடுத்து ஒரு சொட்டு, பத்து, நூறு, பிறகு எண்ணுவதற்கு ஒன்றுமில்லை, கொட்டோ கொட்டென்று கொட்டியது. சாரத்துப் பலகைக்கு அடியில் பதுங்கிக்கொண்டு பார்க்கிறேன், என் சுவர் பால் வடிகிறது. இளநீலப் பால். கோடு கோடாக இறங்கி, ஜன்னல் விளிம்பைச் சுற்றி, வாசற்படியில் குளம் கட்டி, தெருவில் ஓடுகிறது. நாலு கட்டடம் தள்ளி, கறுப்புக் குடைக்கு அடியில் என் மச்சான் குதிக்கிறார். குனிகிறார், நிமிர்கிறார், மறுபடி குனிகிறார். ஒரே மழை. ஒருத்தன் பிழைப்பு ஓடுகிறது, ஒருத்தன் ஆடுகிறான்.

எட்டு பத்தொன்பதுக்கு நின்றுவிட்டது, யாரோ குழாயை மூடின மாதிரி. அடுத்த தெருவில் ஒரு சொட்டு விழவில்லை. எங்கள் ஊர்ப்பக்க மழை அப்படித்தான், ஒரு தெருவில் குளிப்பாட்டும், அடுத்த தெருவில் முகத்தைக்கூடக் காட்டாது.

"விடுங்கண்ணே," என்றான் கூட்டாளி, தலையைத் துவட்டிக்கொண்டே. "உங்க மச்சானுக்காவது ஆயிரம் ஆச்சு. அவர் எழுதிக் குடுத்தா டாக்டரம்மா நம்பிடுவாங்க."

அதுதான் எனக்கும் தோன்றியது. டாக்டரம்மா ஊரின் மறுகோடியில் இருக்கிறார். அவர் வருவதற்குள் வெயில் அடித்து எல்லாம் காய்ந்துவிடும். மிச்சம் இருக்கப்போவது வடிந்த சுவர் மட்டும்தான். தண்ணீர் ஊற்றின பெயிண்டும் அப்படித்தான் வடியும். ஆனால் டாக்டரம்மாவும் அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒருத்தர். மச்சான் அளவைக் குழுவில் போட்டுவிட்டால் என் மானம் தப்பிக்கும். ஈரச் சட்டையோடு ஓடினேன்.

மாடியில் மச்சான் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மழைமானி. அக்கா காப்பித் தம்ளரோடு பக்கத்தில் நிற்கிறாள், குடிக்கச் சொல்ல பயந்துகொண்டு.

"எத்தனை மச்சான்?"

மச்சான் தகரக் கூட்டைக் கழற்றினார்.

"ஆயிரம் வந்துடுச்சில்ல?"

கண்ணாடிக் குழாயை என் பக்கம் நீட்டினார். வெயிலில் பளபளவென்று இருந்தது. துடைத்து வைத்த மாதிரி. உள்ளே ஒன்றும் இல்லை.

"எப்படிப்பா?" என்றார், என்னிடம் இல்லை, மேகத்திடம். "பதிமூணு நிமிஷம் பெஞ்சுதே. என் கண்ணால பார்த்தேனே. இமைகூடக் கொட்டலையே."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். மாடி முழுக்க ஈரம். மூலையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. நான் போட்ட வெள்ளை வட்டத்துக்குள்ளும் ஈரம். ஆனால் வட்டத்துக்கு நட்டநடுவில், தட்டுப் போல வட்டமாக, பொட்டு ஈரமில்லாமல் காய்ந்த ஒரு இடம். அதன் மத்தியில்தான் மானி நின்ற தடம்.

அக்காவும் பார்த்துவிட்டாள். மெதுவாகக் கேட்டாள்:

"எங்க நின்னு பார்த்தீங்க?"

"இங்கதான். பக்கத்துலயே."

"குனிஞ்சு?"

"குனிஞ்சுதான். கோடு தெரிய வேண்டாமா?"

"குடையோட?"

மச்சான் காய்ந்த இடத்தைப் பார்த்தார். சுருட்டி வைத்த குடையைப் பார்த்தார். துணிக்கொடி, மரக்கிளை, பக்கத்து வீட்டு நட்பு, எல்லாவற்றையும் வட்டத்துக்கு வெளியே துரத்திய மனிதர். அந்த முகத்தில் என்னென்னவோ ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் சுவர் ஞாபகம் வந்து சிரிப்பு பாதியில் செத்துவிட்டது.

"சரி மச்சான், போகட்டும். பெஞ்சது உண்மைதானே? ஒரு பத்து மில்லின்னு எழுதுங்க."

"மானி பூஜ்யம் காட்டுது மாப்ளே."

"அப்ப என் சுவரைக் கழுவுனது யாரு?"

"மழைதான். ஆனா பதிவு இல்லை."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சாரத்தின் மேல்தட்டில் கழுவிக் காயவைத்த காலி டப்பா ஒன்று இருந்தது. உருளை டப்பா, மேலும் கீழும் ஒரே அகலம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மச்சான் படியில் இருந்தார். அறுபத்து மூன்று வயசில் சாரத்தில் ஏறுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார் — ஆமாம், சட்டைப்பையில் ஸ்கேல் — டப்பாவில் விட்டார். நிமிர்ந்தார்.

"ஏழரை," என்றார்.

நான் படித்தது ஏழாவது வரைதான். ஆனாலும் அந்தக் கணக்கு எனக்கும் தெரிந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறும் ஏழு புள்ளி ஐந்தும் ஆயிரத்தாறு புள்ளி ஒன்று. மருந்துக்கடைக்காரருடையது ஆயிரத்து நாலு புள்ளி இரண்டு. எனக்குச் சுவர், அவருக்கு மகுடம். ஒரே டப்பாவில் இரண்டும் இருக்கிறது. மணி எட்டு இருபத்தாறு. மச்சான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சுவர்ல இருந்து ஒரு அடிகூட இல்லை," என்றார் கடைசியில். "வட்டம் இல்லை. இது அளவை டப்பாவும் இல்லை. செல்லாது மாப்ளே."

சொல்லிவிட்டு, தினமும் எட்டரைக்குச் செய்கிற பழக்கத்தில், டப்பாவைக் கவிழ்த்தார்.

"மச்சான்!" என்று நான் அலறினது தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். என் ஒரே சாட்சி சுவரில் வழிந்து, மிச்சமிருந்த நீலத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது.

எட்டரைக்குக் குழுவில் செய்தி வந்தது. ‘இன்று 8.30 வரை: 0.0. பருவ மொத்தம்: 998.6.’ மருந்துக்கடைக்காரர் கட்டை விரல் படம் போட்டார். ஒன்று இல்லை, பத்து.

ஒன்பது மணிக்கு நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். மச்சான் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் பேசினேன், ஸ்பீக்கரில். கை ஈரம் என்பதால்.

"அம்மா, காலையில மழை பெஞ்சு முன்சுவர் போச்சு. மறுபடி அடிக்கணும்."

"மழையா?" என்றார் அவர். "உங்க மச்சானே பூஜ்யம்னு போட்டிருக்காரே."

"அது வந்தும்மா..."

"எங்க வீட்டு மாடியில வெயில் அடிக்குது. மூணாவது தெருவிலயும் ஒண்ணும் இல்லையாம். உங்க தெருவுல அளக்குறவரே பூஜ்யம்ங்கிறார். மழை உங்க சுவர் மேல மட்டும் பெஞ்சுதா?" பிறகு குரலை இறக்கினார். "நீங்களும் தண்ணிதானா பெயிண்டர்?"

போன் வைத்துவிட்டார். என்னை எத்தனையோ பேர் எத்தனையோ திட்டியிருக்கிறார்கள், சட்டை செய்ததில்லை. இது மட்டும் சுருக்கென்றது.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கரண்டி இல்லை. நோட்டு இருந்தது. மச்சான் முன்னால் வைத்தாள்.

"குறிப்பு எழுதுங்க."

"என்ன குறிப்பு?"

"போர்வைக்கு எழுதினீங்கல்ல? என் போர்வைக்கு ஒரு குறிப்புன்னா உங்க குடைக்கும் ஒரு குறிப்பு."

"நானூத்திப் பன்னெண்டு பேர் பார்ப்பாங்க," என்றார் மச்சான். "பதினோரு வருஷமா அளக்குறேன். ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் இருபத்தெட்டு வருஷமா சிரிக்காம இருக்கேன். என் தம்பியைத் திருடன்னு சொல்லிட்டுப் போறாங்க. அதைக் கேட்டுட்டு உக்காந்திருக்கீங்க."

மச்சான் பேனாவை எடுத்தார். வைத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். தெர்மாமீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார், எழுதியதைப் படம் எடுத்தார், கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார். என் போனில் இன்னும் வைத்திருக்கிறேன்:

‘குறிப்பு: காலை 8.06 முதல் 8.19 வரை எமது தெருவில் கனமழை பெய்தது உண்மை. அளப்பவர் மானியின் மேல் குடை பிடித்து நின்றபடியால் மழை மானிக்குள் விழவில்லை. குடைக்குக் கீழே பூஜ்யம். தெருவில் பூஜ்யம் அல்ல. இளநீலச் சுவர் நனைந்ததை அளப்பவர் நேரில் கண்டார்.’

குழுவில் ஆரம்பித்தது பாருங்கள். சிரிப்புப் படங்கள் மழையாகக் கொட்டின. இதற்கு எத்தனை மில்லி என்று யாரும் அளக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் கேட்டார்: ‘குடை எந்தக் கம்பெனி? நல்ல குடையாக இருக்கிறதே.’ யாரோ மச்சானுக்குப் பெயரையே மாற்றிவிட்டார்கள், மில்லிமீட்டர் போய் குடைமீட்டர் ஆனார். மத்தியானத்துக்குள், குட்டு வெளிப்பட்ட தைரியத்தில், வேறொருவர் தன் மானியில் வாரம் இரண்டு முறை நாய் தண்ணீர் குடிப்பதாக ஒப்புக்கொண்டார். மருந்துக்கடைக்காரருடைய மிஷின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். மருந்துக்கடைக்காரர் அதற்கு மட்டும் பதில் போடவில்லை.

டாக்டரம்மா போன் செய்தார். முதல் இரண்டு நிமிஷம் பேச முடியவில்லை, சிரிப்பு. "மன்னிச்சுக்குங்க பெயிண்டர்," என்றார் பிறகு. "தப்பாப் பேசிட்டேன். திங்கட்கிழமைக்குள்ள முடிச்சிடுவீங்கல்ல?"

"முடிச்சிடலாம்மா."

போனை வைத்ததும் மச்சானைப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. பாவமாகத்தான் இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்:

"ஏன் மச்சான், ரெண்டு நாள்ல மழை வருமா?"

"வராது," என்றார். "பருவம் முடிஞ்சிடுச்சு."

"அது வானத்துக்குத் தெரியுமா?"

அதற்கு அவர் சிரித்தார். அன்றைக்கு முதல்தடவையாக. நான் தைரியமாக அடித்தேன். மழை வரவில்லை. சுவர் திங்கட்கிழமை பளிச்சென்று நின்றது. திறப்புக்கு மச்சானும் வந்திருந்தார். நல்ல வெயில். யாரோ விளையாட்டுக்கு, "சார், குடை கொண்டு வரலையா?" என்றார்கள். மனிதர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், ஸ்கேல் இருக்கிறதா என்று.

இந்தக் கதையைச் சொல்லி இந்த ரகத்தை நாலு பேர் சிரிக்கும்படி செய்துவிட்டேன் என்று எனக்குத் திருப்தி. என் வீட்டு மாடியில் ஒரு காலி பெயிண்ட் டப்பா இருக்கிறதே, அதைப் பற்றி யாராவது உங்களிடம் வந்து ஏதாவது சொன்னால் நம்பாதீர்கள். அது தொழிலுக்காக வைத்தது. சுற்றிலும் வெள்ளை வட்டம் இருப்பதும் தொழிலுக்காகத்தான், மிச்சப் பெயிண்ட் வீணாகக் கூடாதே என்று போட்டது. நேற்று அதில் நாலு மில்லி. தற்செயலாகப் பார்த்தேன். எட்டரைக்கு.

உங்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, நீங்கள் தெளிவான ஆள், தெரியும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறோடு ஏழு புள்ளி ஐந்தைச் சேர்த்தால் ஆயிரத்தாறு புள்ளி ஒன்று என்று சொன்னேனே, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, சரிதானா என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்தீர்களா? பார்த்தீர்களா இல்லையா? கூட்டிப் பார்த்திருந்தால் நான் சொல்ல ஒன்றுமில்லை. மாடிக்குப் போகும்போது குடையை மட்டும் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள்.